கேள்வித்தாளை யார் எடுப்பது? பொறியியல் கல்விச் சீர்திருத்தம் பற்றிக் கேள்வி பதில்

முப்பத்து நான்கு வருடம் மின்னியல் துறையில் பாடம் எடுத்துவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றேன். அதில் பத்து வருடத்துக்கு மேல் 'டெக்விப் ஒருங்கிணைப்பாளர்' என்ற பெயரில் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறேன். வெளிநாட்டு உதவி, மத்திய அரசுத் திட்டம், ஐஐடி கூட்டு என்று நம் பொறியியல் கல்லூரிகளைச் சீர்செய்ய எத்தனையோ கைகள் சேர்ந்தன. எது நின்றது, எது நிற்கவில்லை என்று தெரிந்தவரை சொல்கிறேன் என்றேன். கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்திருக்கிறேன்.

சார், டெக்விப் டெக்விப் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் பாதி மீட்டர்களில் அந்த ஸ்டிக்கர்தான் இருக்கிறது. என்ன திட்டம் அது? (உதவிப் பேராசிரியை, திருநெல்வேலி)

ஸ்டிக்கர் இன்னும் உரியாமல் இருக்கிறதே, நல்ல பசைதான் போலிருக்கிறது.

தொழில்நுட்பக் கல்வித் தர மேம்பாட்டுத் திட்டம் என்பதன் சுருக்கம் அது. உலக வங்கிக் கடன், மத்திய மாநில அரசுகளின் பங்கு, எல்லாம் சேர்ந்தது. முதல் கட்டம் 2003-இல் தொடங்கி 2009 வரை 13 மாநிலங்களில் 127 கல்லூரிகளுக்குப் போனது. இரண்டாம் கட்டம் 2010 முதல் 2017 வரை. மூன்றாவது 2017-இல் தொடங்கி 2021-இல் முடிந்தது.

எல்லோருக்கும் கருவிகள்தான் நினைவிருக்கும், ஏனென்றால் அவை கண்ணுக்குத் தெரியும். எங்கள் கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு மார்ச் மாதம், 31-க்குள் பணத்தைச் செலவழிக்காவிட்டால் திரும்பிப் போய்விடும் என்ற நிலை. மூன்று கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், கமிட்டிக் கையெழுத்து எல்லாம் ஒன்பது நாளில் முடிந்தது. பெரிய மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே இருந்த கருவிக்குத் தனி எர்த்திங் வேண்டும், நிலையான மின்னழுத்தம் வேண்டும். அதற்கான பணம் அந்தத் தலைப்பில் இல்லை. பெட்டி பதினான்கு மாதம் வராண்டாவில் கிடந்தது. லேப் அட்டெண்டர் அதன்மேல் டிபன் பாக்ஸ் வைத்துச் சாப்பிடுவார். ஆடிட் வந்த அன்று மட்டும் அதன்மேல் துணி விரித்தோம்.

அதே திட்டத்தில் நான்கு நிதி வைக்கச் சொன்னார்கள்: மூலதன நிதி, ஆசிரியர் மேம்பாட்டு நிதி, கருவித் தேய்மான நிதி, பராமரிப்பு நிதி. திட்டம் முடிந்த பிறகும் கல்லூரி தன் காலில் நிற்க வேண்டும் என்பதற்காக. இதை ஒழுங்காகச் செய்த கல்லூரிகளில் இன்றைக்கும் ஆஸிலாஸ்கோப் பழுதானால் மறுவாரம் சரியாகிவிடும். செய்யாத இடங்களில் ஸ்டிக்கர்தான் மிச்சம்.

உலக வங்கிக் கடன் வாங்கிக் கல்வியை நடத்துவது அடிமைத்தனம் இல்லையா? (பெயர் வேண்டாம் என்றவர்)

இந்தக் கோபம் எனக்கும் இருந்தது. முதல் கட்டக் கடன் 25 கோடி டாலர். நம் நாட்டின் உயர்கல்விச் செலவோடு வைத்துப் பார்த்தால் சோற்றில் உப்பு அளவுதான். அந்த உப்பை வைத்துக்கொண்டு ஆளுகைக் குழு அமை, கல்லூரிக்கு நிதிச் சுதந்திரம் கொடு என்று நிபந்தனை போட்டார்கள். வெளியிலிருந்து வந்த நிபந்தனை என்பதே பலருக்குக் கசந்தது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். அரசுக் கல்லூரி முதல்வர் ஒரு மின்விசிறி மாற்றச் சென்னைக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த காலம் அது. 'உங்கள் முதல்வரே செலவழிக்கட்டும்' என்று சொல்ல வாஷிங்டனிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது அதுதான், கடன் இல்லை.

ஐஐடிகள் எல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கட்டிக்கொடுத்தவைதானே? அங்கே மட்டும் எப்படி வெற்றி? (முதுகலை மாணவர், கோவை)

எல்லாம் இல்லை தம்பி. 1951-இல் கரக்பூர் தொடங்கியது நளினி ரஞ்சன் சர்க்கார் தலைமையிலான நம் குழுவின் பரிந்துரைப்படி, ஹிஜ்லி சிறை முகாம் கட்டடத்தில். பம்பாய்க்கு யுனெஸ்கோ வழியாக சோவியத் உதவி, சென்னைக்கு மேற்கு ஜெர்மனி, டெல்லிக்கு பிரிட்டன், கான்பூருக்கு அமெரிக்கா. பனிப்போர்க் காலத்தில் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள், நேரு அத்தனை பேரிடமும் வாங்கிக்கொண்டார். கெட்டிக்காரத்தனம்தான்.

இதில் கான்பூர் கதை எனக்குப் பிடிக்கும். எம்ஐடி, கால்டெக், பிரின்ஸ்டன், பெர்க்லி, பர்டியூ உட்பட ஒன்பது அமெரிக்க நிறுவனங்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து 1962 முதல் 1972 வரை துணை நின்றன. ஒரே பல்கலைக்கழகம் வந்திருந்தால் தன்னைப் போலவே ஒரு நகல் எடுத்திருக்கும். ஒன்பது பேர் வந்ததால் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம். முடிவு எடுக்கும் இடம் நம் ஆட்களுக்குக் கிடைத்தது. முதல் இயக்குநர் பி.கே. கேல்கர் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்.

1963-இல் ஐபிஎம் 1620 கணினி வந்து இறங்கியது. விமான நிலையத்திலிருந்து மாட்டு வண்டியில் கொண்டுபோனார்கள் என்று சொல்வார்கள். எனக்கு வண்டியைவிட முக்கியம், அந்த இயந்திரத்தைக் கண்ணாடி அறையில் பூட்டிவைக்காமல் மாணவர்களைத் தொடவிட்டதுதான். மற்ற கல்லூரி ஆசிரியர்களையும் வரவழைத்து வகுப்பு நடத்தினார்கள். ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் அங்கேதான் கணினி நிரலாக்கம் சொல்லிக்கொடுத்தார், அப்புறம் மாணவர் வாங்கக்கூடிய விலையில் பாடநூலும் எழுதினார். அந்த நூலைப் படித்த என் தலைமுறைக்காரர்கள் எந்த ஊரிலும் இருப்பார்கள்.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில் கணினி இல்லை. பாடம் எடுப்பவரே கேள்வித்தாளை எடுக்கலாம், அவரே திருத்தலாம், அவரே மதிப்பெண் போடலாம். அந்த ஏற்பாடு முதல் நாளிலிருந்தே இருந்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அப்படிப் படித்தவர்கள் எல்லாம் அமெரிக்காவுக்குத்தானே போனார்கள்? (அதே மாணவர்)

நிறையப் பேர் போனார்கள். மறுக்க மாட்டேன். மக்கள் வரிப்பணத்தில் படித்துவிட்டுப் போனார்கள் என்ற வருத்தம் நியாயம். இருந்தவர்களை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்கு இல்லை என்பதும் உண்மை.

உங்களுக்கு இந்தக் கூட்டுத் திட்டங்களால் நேரடியாக என்ன கிடைத்தது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

கியூஐபி கிடைத்தது சார். 1970-இல் தொடங்கிய திட்டம். கல்லூரி ஆசிரியர்களைச் சம்பளத்தோடு ஐஐடிக்கு அனுப்பி முனைவர் பட்டம் படிக்க வைப்பார்கள். நான் 1992-இல் போனேன். போகும்போது எனக்கு ஏழு வருட அனுபவம், கொஞ்சம் தலைக்கனம்.

முதல் செமஸ்டரில் ஒரு தேர்வு. நான்கே கேள்வி, புத்தகம் திறந்து எழுதலாம். புத்தகத்தைத் திறந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் பேராசிரியர் விடைத்தாள் கட்டோடு வகுப்புக்கு வந்தார். ஒவ்வொருவரிடமும் தாளைக் கையில் கொடுத்து, 'தப்பாகப் போட்டிருந்தால் சொல்லு' என்றார். நான் திகைத்துப்போனேன். பள்ளிக்கூடத்தை விட்டபின் என் ஆண்டுத் தேர்வு விடைத்தாளை நான் ஒருமுறைகூடத் திரும்பப் பார்த்ததில்லை. என்னிடம் படித்தவர்களும் பார்த்ததில்லை. அது எங்கோ ஒரு மையத்தில், முகம் தெரியாத ஒருவர் ஒரு நாளைக்கு இத்தனை என்று திருத்திய தாள். இந்தப் பேராசிரியரோ என் தாளில் இரண்டு மதிப்பெண் கூட்டிப் போட்டார், நான் கேட்காமலே.

பட்டம் கிடைத்தது, பதவி உயர்வு கிடைத்தது. நான் ஊருக்குக் கொண்டுவந்தது அந்த ஒரு பழக்கத்தைத்தான். உள்மதிப்பீட்டுத் தேர்வுகளில் மட்டும்தான் அதைச் செய்ய முடிந்தது.

பல்கலைக்கழகம்தான் கேள்வித்தாள் எடுக்கிறது என்றால் கல்லூரி ஆசிரியர் என்ன செய்ய முடியும்? (உதவிப் பேராசிரியர், சேலம்)

இங்கேதான் முடிச்சு இருக்கிறது. இணைப்புக் கல்லூரி முறை ஆங்கிலேயர் காலத்தது. பல்கலைக்கழகம் பாடத்திட்டம் போடும், தேர்வு வைக்கும், கல்லூரி நடத்தும். 2001-இல் பொறியியல் கல்லூரிகளை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவந்தார்கள். ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டியது எண்ணிக்கை. ஐந்நூறு கல்லூரிக்கும் ஒரே கேள்வித்தாள் என்றால், அதில் பலவீனமான கல்லூரியும் பதில் எழுதக்கூடியதைத்தான் கேட்க முடியும். அப்புறம் ஐந்து வருடக் கேள்வித்தாள் தொகுப்பு விற்கும், ஆசிரியர் அதையே பாடமாக எடுப்பார். யாரையும் குறை சொல்ல முடியாது, எல்லோரும் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார்கள்.

கோத்தாரி ஆணையம் 1966-இலேயே மாற்று சொன்னது: நல்ல கல்லூரிகளுக்குத் தன்னாட்சி கொடுங்கள், பாடத்திட்டமும் தேர்வும் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று. தமிழ்நாடு இதில் முன்னோடி. மால்கம் ஆதிசேஷய்யா சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தபோது இதற்குப் பாடுபட்டார். 1978-இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை தன்னாட்சி பெற்றன. யுனெஸ்கோவில் பெரிய பதவியில் இருந்துவிட்டு வந்த மனிதர் அவர். உலகம் முழுக்கப் பார்த்துவிட்டு வந்து அவர் பிடித்தது மிஷினை இல்லை, தேர்வை.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். தன்னாட்சி வாங்கிய பிறகும் பல கல்லூரிகளில் தேர்வுக் கட்டுப்பாட்டாளர் வெளியூர் ஆளிடம் கேள்வித்தாள் வாங்கி, அதே பாணியில் பத்து இரண்டு மதிப்பெண், ஐந்து பதின்மூன்று மதிப்பெண் என்று ஓட்டுகிறார்கள். 'ஆசிரியரை நம்பினால் கேள்வியை விற்றுவிடுவார்' என்பார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்றும் சொல்ல முடியவில்லை. 2024-இல் ஒரே ஆசிரியர் பல கல்லூரிகளில் வேலை பார்ப்பதாகக் கணக்குக் காட்டியதை ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்ததே, ஞாபகம் இருக்கும்.

பீகாருக்கு ஐஐடி பட்டதாரிகளை அனுப்பினார்களே, அது என்ன ஆயிற்று? (பொறியாளர், பெங்களூரு)

டெக்விப் மூன்றாம் கட்டம். பின்தங்கிய மாநிலங்கள், வடகிழக்கு, மலை மாநிலங்கள், அந்தமான் இவற்றுக்கு முதலிடம். ஐஐடி, என்ஐடியில் எம்.டெக்., பிஎச்.டி. முடித்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களை மாதம் 70,000 ரூபாய்க்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் உதவிப் பேராசிரியர்களாக எடுத்தார்கள். கூடவே 'இரட்டையர்' ஏற்பாடு: ஓர் உயர்ந்த கல்லூரி, ஒரு வளரும் கல்லூரி, கைகோத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கல்லூரி சார்பாக நான் பீகாரில் ஒரு கல்லூரிக்கு இரண்டு முறை போனேன். பாட்னாவிலிருந்து ஆறு மணி நேரம். துறையில் நிரந்தர ஆசிரியர் ஒருவர், இந்தத் திட்டத்தில் வந்த இளைஞர்கள் நான்கு பேர். அவர்களில் ஒரு பெண் ஆய்வகத்தில் துருப்பிடித்துக் கிடந்த டிசி மோட்டாரைக் கழற்றி, கார்பன் பிரஷ்ஷைக் கான்பூர் சந்தையில் வாங்கிவந்து மாட்டி ஓடவிட்டிருந்தார். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் மோட்டார் சுற்றுவதை அன்றைக்குத்தான் முதன்முறையாகப் பார்த்தார்களாம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நாங்கள் எடுத்துப்போன பவர்பாயிண்ட்டை நான் திறக்கவே இல்லை.

2021 செப்டம்பரில் திட்டம் முடிந்தது, ஒப்பந்தமும் முடிந்தது. நல்ல ஆசிரியர்களை மாநிலம் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்த்தே வந்தார்கள். பெரும்பாலோருக்கு அது நடக்கவில்லை, போராடிப் பார்த்தார்கள். இந்தத் திட்டங்களில் நான் பார்த்த மிகப் பெரிய வீணடிப்பு எங்கள் மரப்பெட்டி இல்லை, இதுதான்.

சார், சிஓ-பிஓ அட்டெய்ன்மென்ட் (பாட விளைவு, திட்ட விளைவு அடைவுக் கணக்கு) போட்டே உயிர் போகிறது. இதுவும் உலகத் தரமா? (பேராசிரியை, நாமக்கல்)

அம்மா, உங்கள் வலி புரிகிறது. வாஷிங்டன் உடன்படிக்கையில் இந்தியா 2014-இல் நிரந்தர உறுப்பினரானது. இங்கே என்பிஏ (தேசிய அங்கீகார வாரியம்) தன்னாட்சி உள்ள இடங்களுக்கான முதல் அடுக்கில் அங்கீகரித்த பட்டத்தை உறுப்பு நாடுகள் சமமாக மதிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். அதற்கு விலை, விளைவு சார்ந்த கல்வி. பாடத்தால் மாணவனுக்கு என்ன செய்யத் தெரிந்தது என்று கேள். நல்ல கேள்விதான்.

அது எக்செல் தாளாக மாறியபோதுதான் கெட்டது. கேள்வித்தாள் வேறு யாரோ எடுத்தது, திருத்தியது வேறு யாரோ. அந்த மதிப்பெண்ணை வைத்து, பாட விளைவுக்கும் திட்ட விளைவுக்கும் 3, 2, 1 என்று கட்டம் கட்டமாக நிரப்பி, 'அடைவு 2.34' என்று எழுதுகிறோம். நானும் எழுதியிருக்கிறேன், கடைசி இரவில் இலக்கை 2.3 என்று திருத்தி.

என்பிடெல் சான்றிதழ் எடுத்தால் வேலைக்கு உதவுமா சார்? (மூன்றாம் ஆண்டு மாணவர், கரூர்)

சான்றிதழால் மட்டும் வேலை கிடைக்காது தம்பி. பாடம் உதவும்.

2003-இல் ஏழு ஐஐடிகளும் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து தொடங்கியது என்பிடெல். ஐஐடி பேராசிரியர் நடத்தும் வகுப்பை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2014-இல் சான்றிதழ்த் தேர்வு வந்தது. வாராந்தரப் பயிற்சிக்கு 25, நேரில் எழுதும் தேர்வுக்கு 75. பயிற்சியில் 10-உம் தேர்வில் 30-உம் எடுத்தால்தான் சான்றிதழ். பயிற்சி விடைகள் டெலிகிராமில் சுற்றுவது எனக்கும் தெரியும். அதை நம்பினால் தேர்வில் 30 வராது.

பாடம் நடத்துபவரே கேள்வி எடுக்கும் முறையை ஒரு கிராமத்துக் கல்லூரி மாணவன் சந்திக்கும் முதல் இடம் பெரும்பாலும் இதுதான். கிரெடிட் மாற்றிக்கொள்ள யுஜிசி 2021-இல் 40 சதவீதம் வரை அனுமதித்தது. உங்கள் கல்லூரி எவ்வளவு ஏற்கிறது என்று துறைத் தலைவரைக் கேளுங்கள்.

மகனைச் சேர்க்கப் போன கல்லூரியில் 'எட்டு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் ஒப்பந்தம்' என்று பேனர். நம்பலாமா ஐயா? (பெற்றோர், ஓசூர்)

கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் (NAAC) மதிப்பீட்டில் ஒப்பந்தங்களுக்கு இடம் உண்டு. அதனால் கையெழுத்து, பொன்னாடை, குரூப் போட்டோ மூன்றும் நடக்கும். போன வருடம் அந்த ஒப்பந்தத்தில் எத்தனை மாணவர் போனார்கள், யார் செலவில் என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் பரவாயில்லை. அலுவலக அறைக்குள் போய் யாரையோ கூப்பிட்டால், விட்டுவிட்டு ஆய்வகத்தைச் சுற்றிப் பாருங்கள்.

தமிழ்வழிப் பொறியியலுக்கு இந்தக் கூட்டு முயற்சிகளில் இடமே இல்லையா? (ஆசிரியர், மதுரை)

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் இரண்டிலும் தமிழ்வழி தொடங்கியது. நூல்களும் வேலைவாய்ப்பும் கூட வராததால் தள்ளாடியது. என்பிடெல் பாடங்கள் சிலவற்றைத் தமிழில் தருகிறார்கள், தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇ-யின் நூல்களையும் மொழிபெயர்க்கிறார்கள். நான் படித்துப் பார்த்த சில பக்கங்கள் அகராதியை வைத்துக்கொண்டு எழுதியவை. பாடம் நடத்தும் ஆசிரியர் தமிழில் எழுதினால் அப்படி இருக்காது.

ஒரே நாடு ஒரே சந்தா தனியார் கல்லூரிக்கு உண்டா? (நூலகர், ஈரோடு)

ஆய்விதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டும் திட்டம் அது, 2025 ஜனவரியில் தொடங்கியது. மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், சுமார் 13,000 ஆய்விதழ்கள். ஆனால் மத்திய, மாநில அரசு நிறுவனங்களுக்குத்தான். நம் மாணவரில் பெரும்பகுதி தனியாரில்தான் படிக்கிறார்கள் என்பதை யாரோ மறந்துவிட்டார்கள். உங்கள் மாணவர்களுக்கு சோத்கங்காவைக் காட்டுங்கள். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகள் லட்சக்கணக்கில், எல்லோருக்கும் இலவசம்.

ஐஐடி மெட்ராஸ் ஆப்பிரிக்காவுக்குப் போனது வெறும் பெருமைக்கா? (மாணவி, சென்னை)

2023-இல் சான்சிபாரில் வகுப்பு தொடங்கியது. ஜெர்மன்காரர்கள் கிண்டிக் காட்டில் வந்து இறங்கி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது, இப்போது நாம் இன்னொருவர் வீட்டில் இறங்கியிருக்கிறோம். பெருமைதான். நாம் வொர்க்‌ஷாப்பில் கைவைத்துச் செய்யும் வேலையைக் கற்றுக்கொடுக்கிறோமா, ஐந்து வருடக் கேள்வித்தாள் தொகுப்பைக் கற்றுக்கொடுக்கிறோமா என்று பார்க்க வேண்டும்.

எங்கள் கல்லூரிக்கு இந்த வருடம் தன்னாட்சி வந்துவிட்டது. முதல்முறையாக என் பாடத்துக்கு நானே கேள்வித்தாள் எடுக்கிறேன். பயமாக இருக்கிறது சார். (உதவிப் பேராசிரியை, சிவகங்கை)

பயம் நல்லதுதான் அம்மா. தாளை எடுத்ததும் ஒருமுறை நீங்களே உட்கார்ந்து எழுதிப் பாருங்கள், கடிகாரம் வைத்து. உங்களுக்கு ஒரு மணி நேரம் ஆனால் பிள்ளைகளுக்கு மூன்று ஆகும். நோட்டில் இருக்கும் எண்களையே போடாதீர்கள். கணக்கு அதே இருக்கட்டும், சூழ்நிலையை மாற்றுங்கள். உங்கள் ஊர் அரிசி ஆலை மோட்டாரைக் கொண்டுவாருங்கள். முதல்முறை பாதிப் பேர் சொதப்புவார்கள், முதல்வர் கூப்பிடுவார். மதிப்பெண் பட்டியலோடு விடைத்தாள் நான்கைந்தையும் எடுத்துப்போய்க் காட்டுங்கள்.

அப்புறம் விடைத்தாள்களை வகுப்புக்குக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுங்கள். கடைசிப் பீரியடில் மட்டும் வேண்டாம். எல்லோரும் மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள், பஸ் போய்விடும்.